காலும் துளையும்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸ் ஒரு காலத்தில் நெல் விளைந்த ஊர். ஜார்ஜ் டவுன் தன் தடையிலாத் துறைமுகத் தகுதியை 1969 ஆம் ஆண்டில் இழந்தது. தீவில் வேலையின்மை மிகுந்திருந்த காலம் அது. அவ்வாண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற லிம் சோங் இயூ, துறைமுகத்தை மட்டும் நம்பியிராமல் தொழிற்சாலைகளை நாடினார். 1972 இல் பாயான் லெப்பாஸில் தடையிலா வாணிப வட்டாரம் அமைந்தது. இண்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் ஆகிய எட்டும் பின்னாளில் 'எட்டுச் சாமுராய்கள்' எனப் பெயர் பெற்றன. மறவர் பெயரைத் தாங்கிய இந்நிறுவனங்களில் உண்மையில் உழைத்தோர் பெரும்பாலும் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்களே. நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லோடு இணைத்தவர்கள் அவர்கள்.

இவ்வரலாறு பலரும் அறிந்தது. அச்சில்லு எங்கே சென்று எவ்வாறு நிலைபெற்றது என்பதே ஈண்டு நோக்கத் தக்கது.

சில்லைப் பொதிந்த கரிய பெட்டியின் இரு மருங்கிலும், பூரானுக்கு அமைந்தாற்போலக் கால்கள் இருக்கும். இவ்வடிவை 1964 இல் அமெரிக்காவின் பேர்ச்சைல்டு நிறுவனத்தார் பதினான்கு கால்களோடு வகுத்தனர். காலுக்கும் காலுக்கும் இடையே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மி.மீ. தொலைவு. இக்கால்கள் மின்சுற்றுப் பலகையிலுள்ள துளைகளில் நுழைந்து மறுபுறம் தலைநீட்ட வேண்டும். காலை ஒரு நாட்டார் வளைத்தனர். துளையை மற்றொரு நாட்டார் இட்டனர். ஒருவரையொருவர் காணாத இவ்விரு கைகளுக்கும் இடையே நின்ற உடன்படிக்கைதான் துளையின் அளவு.

பலகையின் கதை துளையிலிருந்து தொடங்கவில்லை. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்னும் பொறியாளர் 1936 இல் இலண்டன் சேர்ந்தார். கம்பிகளைக் கையால் பின்னுவதை விட்டு, செம்புத் தகட்டில் வழிகளை அச்சிட்டு எஞ்சியதை அரித்துவிடலாம் என்று கண்டவர் அவர். நூலச்சுக்கும் மின்சுற்றுக்கும் இவ்வாறு உறவு ஏற்பட்டது. அதன்பின், 1949 இல், அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த டான்கோ, ஏப்ரம்சன் என்னும் இருவர், உறுப்புகளின் கம்பிகளைத் துளைகளில் செருகி, பலகையின் அடிப்புறத்தை உருகிய ஈயப்பற்றில் ஒரே முறை தோய்த்து எடுக்கும் முறையைச் செய்து காட்டினர். அன்று முதல் துளை இன்றியமையாததாயிற்று.

தொடக்கத்தில் துளை வெறும் வழியே. பின்னர்ப் பலகையின் இரு புறமும் செம்பு வழிகள் பரவியபோது, துளையின் உட்சுவரிலும் செம்பு பூசி மேலையும் கீழையும் இணைத்தனர். இதனால் ஒரு துளைக்கு இரண்டு அளவுகள் உண்டாயின. ஒன்று துரப்பணம் இட்ட அளவு. மற்றொன்று பூச்சுக்குப் பின் எஞ்சும் அளவு. வரைபவர் எந்த அளவைக் குறித்தார் என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால், பலகை செய்பவர் தாமே ஒன்றைக் கொள்வார். இடர் அங்கே தொடங்கும்.

கணக்கு கடினமன்று. பெட்டியின் கால் ஏறத்தாழ 0.46 மி.மீ. அகலமும் 0.25 மி.மீ. தடிப்பும் உடையது. வட்டத் துளையில் செவ்வகக் கால் நுழைய, அகலத்தைப் பார்த்தல் போதாது. மூலைவிட்டத்தைப் பார்க்க வேண்டும். பள்ளியில் கற்ற பித்தாகரசு தேற்றப்படி அது 0.52 மி.மீ. அதனோடு 0.25 கூட்டினால் 0.77, முழுமைப்படுத்தினால் 0.8. நெருக்கமான பலகைகளில் இந்த இடைவெளியை 0.2 அல்லது 0.15 வரை குறைப்பதுண்டு. சுவரின் செம்புப் பூச்சு, ஒரு மில்லிமீட்டரை நாற்பது கூறிட்டால் ஒரு கூறு. இருபுறமும் சேர்த்து 0.05 மி.மீ. மேற்பூச்சுக்கும் கருவியின் பிழைக்கும் இடம் விட்டு, 0.9 மி.மீ. துரப்பணத்தால் துளையிடுவர்.

காலுக்கும் சுவருக்கும் இடையே ஏன் வெளி வேண்டும்? தமிழாசிரியர்க்கு இதை விளக்குதல் எளிது. ஆசிடை நேரிசை வெண்பாவில், இரண்டாம் அடியின் இறுதிச் சீர் தனிச்சொல்லோடு பொருந்தாதபோது, இடையே ஓரசையோ ஈரசையோ இட்டு நிரப்புவர். பொற்கொல்லன் இரு துண்டுகளைப் பொருத்த இடும் பற்றாசு போன்றது அது என்பர். ஈரசைக்கு மேல் ஆசுக்கு இடமில்லை. துளையிலும் நிலை இதுவே. இடைவெளி சிறிதாயின் உருகிய பற்றாசு நுண்குழாயில் நீர் ஏறுவதுபோல் மேலேறிச் சுவரையும் காலையும் ஒன்றாக்கும். மிகப் பெரிதாயின் ஏறி நில்லாது கீழே வடிந்துவிடும். இடைவெளியே இல்லையாயின் காலே நுழையாது.

பெரிய துளை மற்றொரு கேட்டையும் செய்யும். துளையைச் சுற்றிச் செம்பு வளையம் வேண்டும். 0.8 துளைக்கு 1.5 வளையம் இட்டால், அடுத்த வளையம் வரை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வெளி எஞ்சும். அதனூடே செம்பு வழி செல்லலாம். துளையை 1.2 ஆக்கி, வளையத்தையும் 1.9 ஆக்கினால் எஞ்சுவது 0.64 தான்.

பலகைகளில் உறுப்புகளைப் பொருத்தும் பணியும் பினாங்கில் பெருகியது. துளை சிறுத்த பலகை வந்தால் அதன் துன்பம் பொருத்துபவளுக்கே. பதினான்கு கால்களும் ஒருங்கே நுழைய வேண்டும். அழுத்தும்போது ஒன்று மடிந்து பெட்டியின் அடியில் ஒளிந்துகொண்டால், மேலிருந்து பார்ப்பவர்க்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கருவி இயங்காதபோது பழி அவள் விரல்மீது விழுவது எளிது. தொலைவில் ஒரு மேசைமீது எழுதப்பட்ட எண்ணை எவரும் உடனே நினைப்பதில்லை. இது நேர்மையான வழக்கமன்று.

1980களில் கால்கள் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்கும் முறை பரவியது. துளை பெரும்பாலும் அடுக்குக்கு அடுக்கு மின்வழியாக மட்டும் ஆகி, 0.3, 0.2 மி.மீ. எனச் சிறுத்தது. 1.6 மி.மீ. தடித்த பலகையில் 0.2 துளையெனில் ஆழம் அகலத்தைப் போல் எட்டு மடங்கு. பூச்சு நீர் அதன் நடுப்பகுதிவரை சென்று சேர்தல் அரிது. ஆயினும் இழுப்பும் அசைவும் தாங்க வேண்டிய செருகுமுனைகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் கால் நுழையும் துளை இன்றும் உண்டு. 2006 சூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குத் தடை விதித்தபின், ஈயமிலாப் பற்றாசு பழையதுபோல் எளிதில் பரவி ஏறாமையால், அத்துளைகளைச் சிறிது பெருக்கி வரையும் வழக்கம் ஏற்பட்டது.