ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு நகரங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த வைணவத் தலம், 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. ராஜபாளையம் பஞ்சாலைகளால் வளர்ந்த தொழில் நகரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் சுமார் 1,30,000 பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேரும் வசித்தனர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. வெளியூர்க்காரர் பலர் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு ஊர்களையும் அவற்றின் மேற்கே நிற்கும் மலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிலப்பகுதி முழுமையாகப் பிடிபடும்.

ஆண்டாள் கோயில்

கோயில் இரண்டு பகுதிகளாக உள்ளது. ஒன்று வடபத்ரசாயி சன்னிதி. மேல்தளத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார், கீழ்த்தளத்தில் நரசிம்மர். மற்றொன்று நாச்சியார் திருமாளிகை எனப்படும் ஆண்டாள் சன்னிதி. இரண்டுக்கும் நடுவே நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தது இங்கேதான் என்பது மரபு. ஆண்டாள் சன்னிதியில் ஆண்டாள், அவள் மணாளன் ரெங்கமன்னார், கருடன் மூவரும் ஒன்றாக எழுந்தருளியிருக்கிறார்கள். பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடனையே பார்த்துப் பழகியவர்களுக்கு, பக்கத்தில் நிற்கும் இந்தக் கருடன் புதுக் காட்சி.

பதினொரு நிலைகள் கொண்ட ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரம். சமதளமான இந்தப் பகுதியில் வெகு தொலைவிலிருந்தே தெரியும். சுதைச் சிற்பங்கள் நிறைந்த மற்றக் கோபுரங்களைப்போல் அல்லாமல், அடக்கமான அலங்காரத்தோடு நேர்க்கோடுகளாக மேலேறும் அதன் வடிவமே அழகு. தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது இக்கோபுரம்தான் என்று பரவலாக நம்பப்படுகிறது; ஓவியர் வரைந்தது மதுரை மேலக் கோபுரத்தை என்ற வாதமும் உண்டு. எது உண்மையானாலும் இந்தக் கோபுரத்தின் பெருமை சின்னத்தை நம்பி இல்லை.

இன்று காணும் கட்டுமானத்தில் மதுரை நாயக்கர்களின் பங்கு பெரிது. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இக்கோயிலுக்குப் பல திருப்பணிகள் செய்தார். மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கும் கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர் சிலைகளை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். நரம்பும் நகமும் அணிகலனும் ஒரே கல்லில் தனித்தனியே துலங்குகின்றன. ஊரிலேயே இருக்கும் மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலும் திருமலை நாயக்கரோடு தொடர்புடையது. நாயக்கரின் தீராத வயிற்று வலி அங்கே தீர்ந்தது என்று ஊரார் சொல்வார்கள். வைணவத் தலம் என்று வருபவர்களில் பலர் இந்தச் சிவன் கோயிலைப் பார்க்காமலே போகிறார்கள். அது இழப்பு.

மாலையும் கிளியும்

பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்தாள் கோதை என்ற ஆண்டாள் என்பது எல்லோரும் அறிந்த கதை. அந்தக் கிணறு என்று கண்ணாடிக் கிணற்றைக் காட்டுகிறார்கள். கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் வடபத்ரசாயிக்குச் சாத்தப்படுகிறது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்காகத் திருப்பதிக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்காக மதுரைக்கும் இங்கிருந்து மாலை போகிறது. பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. 30 பாசுரம் கொண்ட திருப்பாவையையும் 143 பாசுரம் கொண்ட நாச்சியார் திருமொழியையும் பாடிய ஒரு பெண்ணின் மாலைக்காகப் பெரிய கோயில்கள் காத்திருப்பதைவிடப் பெரிய சிறப்பு இந்த ஊருக்கு வேறில்லை.

ஆண்டாளின் இடது கைக் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலை உடலாகவும் மாதுளம்பூ அலகாகவும் ஆகின்றன. அதைச் செய்யும் உரிமை சில குடும்பங்களிடம் வழிவழியாக இருக்கிறது.

திருவிழாக்களில் ஆடிப்பூரம் முதன்மையானது. ஐந்தாம் நாள் இரவு ஐந்து கருட சேவை: வடபத்ரசாயி, ரெங்கமன்னார், திருத்தங்கல் அப்பன், காட்டழகர், அருகிலுள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் என ஐவரும் கருடன்மேல் வர, ஆண்டாள் அன்ன வாகனத்தில் வருகிறாள். ஏழாம் நாள் கிருஷ்ணன் கோயிலில் ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் சாய்ந்திருக்கும் சயன சேவை. ஒன்பதாம் நாள் தேர். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும் அந்தத் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. கூட்டம் பிடிக்காதவர்கள் மார்கழியில் வரலாம். பகல்பத்துத் திருவிழாவின் முதல் நாள் ஆண்டாள் தன் பிறந்தகமான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்குப் போகிறாள்; பிறந்த வீட்டார் காய்கறிகளைப் பரப்பி வைத்து வரவேற்கிறார்கள். இதற்குப் பச்சைப் பரப்புதல் என்று பெயர். தெய்வத்தை மகளாக நடத்தும் ஊரின் மனம் தேரோட்டத்தைக்காட்டிலும் இதில் நெருக்கமாகத் தெரிகிறது.

பால்கோவா

பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராதது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பாலை அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே சுண்டவைக்கிறார்கள். அடுப்புக்கு முந்திரிக்கொட்டை ஓட்டை எரிப்பது இங்குள்ள வழக்கம். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு வெளியூர்களில் விற்பது ஏராளம். சட்டி கொதிக்கும் கடையில் நின்று சூடாக வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கோயிலும் பால்கோவாவும் தவிர, 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகமும் இவ்வூரில் உள்ளது. தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களுள் ஒன்று அது.

ராஜபாளையம்

விஜயநகரக் காலத்தை ஒட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்த ராஜூக்கள் நிலைகொண்ட ஊர் ராஜபாளையம். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாகப் பேசுகிறார்கள். பழையபாளையம், புதுப்பாளையம் என்ற பகுதிகளும் அங்குள்ள சாவடிகளும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர்; பின்னர் ஒரிசா ஆளுநர் ஆனார். தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார்; அதுதான் காந்தி கலை மன்றம். அரசியலில் இருந்தவர்கள் சேர்த்ததைப் பற்றியே கேட்டுப் பழகிய இன்றைய தலைமுறை ஒருமுறை அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஊரைத் தொழில் நகரமாக்கியவர் பி. ஏ. சி. ராமசாமி ராஜா. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ராம்கோ குழுமமாக விரிந்தது அவர் போட்ட அடித்தளம். நூற்பாலைகளைச் சுற்றிக் கிராமங்களில் தறிகள் பெருகின. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ், காஸ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரம் பகுதியில் நைட்டி தைக்கிறார்கள். இந்தத் தறிச் சத்தம் சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறுவதில்லை. இந்த மண்ணின் பண்பாட்டில் அதற்கும் பங்கு உண்டு.

ராஜபாளையம் நாய் வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட வேட்டை இனம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை இதற்குத் தபால்தலை வெளியிட்டது. குட்டிகளில் காது கேளாமை காணப்படுவது இந்த இனத்தின் குறை. வாங்க நினைப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, நல்ல வளர்ப்பாளரிடம் மட்டும் வாங்குவது நாய்க்கும் நல்லது. கோடையில் வருபவர்கள் சப்பட்டை மாம்பழத்தைத் தவறவிடக் கூடாது. தட்டையான காய், தேனாக இனிக்கும் சதை. மலையடிவாரத் தோப்புகளில் விளைவது.

மலை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள செண்பகத்தோப்பும் அதை ஒட்டிய காடுகளும் 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இந்த மலை அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால்தான் தரையில் இறங்காமல் அதனால் உயிர்வாழ முடியும்; தோப்பை வெட்டினால் அணிலுக்கு வழி அறுந்துபோகும். 2021-ல் இந்தச் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். ராஜபாளையம் பக்கத்தில் அய்யனார் கோயில் அருவி இருக்கிறது. வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க ஏறுபவர்களும் இதே காட்டுக்குள்தான் நடக்கிறார்கள்.

வருபவர்களுக்கு

சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு ரயில் இந்த வழியாகச் செல்கிறது. மதுரையிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. காட்டுப் பகுதிக்குள் நுழைய வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. மழைக்காலத்தில் ஓடைகளில் திடீரென வெள்ளம் வரும் என்பதால் தடை விதித்த நாளில் மலையேற முயல வேண்டாம். மலைக்குப் போகும்போது பிளாஸ்டிக் எதையும் கொண்டு செல்லாதீர்கள். இரண்டு ஊர்களின் கண்மாய்களும் அந்த மலைத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன.