பெக்டெல் சோதனை

பெக்டெல் சோதனை என்பது, திரைப்படங்களில் ஸ்திரீ பாத்திரங்கள் பெறும் ஸ்தானத்தை அளந்தறியும் பொருட்டு, அமெரிக்கச் சித்திரக்காரரான அலிசன் பெக்டெல், தம் தோழி லிஸ் வாலஸின் யோசனையென்று ஒப்புக்கொண்டு, 1985-ஆம் ஆண்டில் தமது கேலிச்சித்திரத் தொடரில் வெளியிட்ட அளவுகோலாகும். படத்தில் இரு பெண்களேனும் வருதல், அவர்கள் தம்முள் உரையாடுதல், அவ்வுரையாடல் ஆடவனைப் பற்றியதன்றி வேறொரு விஷயமாயிருத்தல் என்னும் மூன்று நிபந்தனைகளே இதன் சர்வஸ்வமும். சித்திரத்தில் வரும் பெண், இவ்விதிப்படி தான் கடைசியாகப் பார்க்க முடிந்தது 'ஏலியன்' என்கிறாள். அதில் பெண்களிருவர் பேசிக்கொள்வதோ ஒரு கோரப் பிராணியைப் பற்றி! நிறைவேறிய நிபந்தனைக்கு ஒன்றாக, பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் இடுவோரும் உளர். 2013-இல் ஸ்வீடனின் சில திரையரங்குகள் தேறிய படங்களுக்குத் தனி முத்திரை அளித்தன. எனினும் அவ்வாண்டே வெளியான, ஒரு பெண்ணையே பிரதான பாத்திரமாகக் கொண்ட 'கிராவிட்டி' இதில் தேறவில்லை.