ஆர்கன் வாசித்த ஆசிரியர்



கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலி என்றாலே ‘சைலன்ட் நைட்’ பாடலின் மெட்டு நம் காதில் ஒலிக்கும். அந்த மெட்டைத் தந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர் அரண்மனை இசைமேதை அல்லர். கிராமப் பள்ளி ஆசிரியர்; கோவிலில் ஆர்கன் வாசித்தவர்; பாடகர் குழுவை நடத்தியவர். பெயர் பிரான்ஸ் சேவர் குரூபர். முத்துக்குளித்துறையில் உழைத்த நம் புனித சவேரியாரின் பெயர்தான் அது.

1787 நவம்பர் 25-ஆம் நாள் ஆஸ்திரியாவின் ஹோக்புர்க் என்னும் ஊரில், ஏழை நெசவாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மகனும் தறியில் உட்கார வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். ஊர்ப் பள்ளி ஆசிரியரோ சிறுவனின் திறமையைக் கண்டு இசை கற்றுக்கொடுத்தார். அந்த ஆசிரியர் நோயுற்ற ஒரு நாளில் சிறுவனே ஆர்கனில் அமர்ந்து திருப்பலிக்கு வாசித்தான் என்றும், அதன் பிறகே தந்தை மனம் இளகினார் என்றும் சொல்வார்கள்.

1807-இல் ஆர்ன்ஸ்டார்ஃப் கிராமத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்நாளில் கிராம ஆசிரியர் என்றால் பள்ளியோடு வேலை முடியாது. கோவில் பொருள்களைப் பேணுவதும், ஆர்கன் வாசிப்பதும் அவர் பொறுப்பே. நம் ஊர்களில் பழைய உபதேசியார்கள் பாடம் சொல்லி, மணியடித்து, செபம் நடத்தி, பாட்டும் கற்றுக்கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 1816 முதல் பக்கத்து ஊரான ஓபர்ன்டார்ஃபின் புனித நிக்கோலாஸ் கோவிலிலும் குரூபர் ஆர்கன் வாசித்தார். நெப்போலியன் காலத்துப் போர்கள் ஓய்ந்து, புதிய எல்லைக்கோட்டால் இரண்டுபட்டு, வறுமையில் கிடந்த ஆற்றங்கரை ஊர் அது.

1818 டிசம்பர் 24. அக்கோவிலின் உதவிப் பங்குத்தந்தை யோசேப்பு மோர், தாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்த கவிதையைக் குரூபரிடம் கொடுத்தார். இரண்டு குரல்களுக்கும் பாடகர் குழுவுக்கும் கிட்டார் துணையோடு மெட்டமைக்கக் கேட்டார். அன்று மாலையே மெட்டு தயார். அன்றிரவே இருவரும் பாடினார்கள். கிட்டாரை வாசித்தவர் குருவானவர்.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆர்கன் சீர்செய்ய வந்தவர் வழியாகவும், திரோல் நாட்டுப் பாடகர் குடும்பங்கள் வழியாகவும் பாட்டு ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆனால் இயற்றியவர்களின் பெயர் கூடப் போகவில்லை. மிக்கேல் ஹைடன் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளருடையது என்றே பலர் நம்பினார்கள். தந்தை மோர் 1848-இல் ஏழையாக இறந்தார். 1854-இல் பெர்லின் அரசவை இசைக்குழு விசாரித்தபோதுதான், டிசம்பர் 30-ஆம் நாள், குரூபர் நடந்ததைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். எலி ஆர்கனைக் கடித்தது போன்ற கதை எதுவும் அதில் இல்லை. யார் கேட்டார், யார் செய்தார் என்பது மட்டும் இருந்தது. தந்தை மோரின் கையெழுத்துப் படி ஒன்று 1995-இல் கிடைத்தது. மெட்டு குரூபருடையது என்று அதிலும் எழுதியிருந்தது.

அந்த முப்பத்தாறு ஆண்டுகளும் குரூபர் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று முறை மணம் முடித்தவர். பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் நால்வரே வளர்ந்து ஆளானார்கள். எத்தனை சிறு சவப்பெட்டிகளின் பின்னே அவர் நடந்திருப்பார்! ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை. 1835-இல் ஹால்லைன் நகரக் கோவிலின் பாடகர் குழுத் தலைவரானார். பல திருப்பலிகளுக்கு இசை அமைத்தார். 1863 ஜூன் 7-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவருடைய கல்லறையும் அக்கோவிலின் எதிரிலேயே, அவர் வாழ்ந்த வீட்டின் முன் இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, ஒரே மாலையில் பிறந்த மெட்டு என்கிறோம். அந்த மாலைக்குப் பின்னால் பல ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அதற்கும் முன்னால், நெசவாளி மகனுக்குக் காசு பாராமல் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியர் இருந்தார். நம் பங்கிலும் கீபோர்டு வாசிப்பவர் இருக்கிறார். பிள்ளைகளுக்குச் சுருதி சேர்ப்பவர் இருக்கிறார். பாட்டு பிசகினால் மட்டுமே அவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களிடம் சென்று ஒரு நன்றி சொல்வோம். சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்கு நம் வீட்டுப் பிள்ளையை அனுப்புவோம். பாடத் தெரிந்த ஏழைப் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையையும் கையோடு அழைத்து வருவோம்.