ஒரே அச்சு, வேறு வேறு சுருதி



சென்ற மாதம் சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையொன்றில் ஒரே அளவுடைய இரண்டு வெண்கலக் கிண்ணங்களை வாங்கினேன். வகுப்பில் அவற்றைக் கரண்டியால் தட்டியபோது, "ஆசிரியரே, ரெண்டும் வேற வேற சத்தமா இருக்கு!" என்று ஒரு மாணவி வியந்தாள். கிண்ணத்தின் கனத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் அதன் சுருதி மாறிவிடும். நம் தலைக்கு மேல் பறக்கும் விமானங்களின் இயந்திரத்திலும் இதே உண்மை மறைந்திருக்கிறது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1884 இல் சார்லஸ் பார்சன்ஸ் நீராவியால் சுழலும் டர்பைனை இங்கிலாந்தில் உருவாக்கினார். சுழலும் வட்டின் விளிம்பில் வரிசையாகப் பொருத்தப்பட்ட பிளேடுகளே அதன் உயிர். டர்பைன்கள் பெரிதாகப் பெரிதாக, அவற்றின் வட்டுகள் அதிர்வினால் உடையலாயின. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் வில்பிரட் கேம்பல் இதை ஆராய்ந்து 1924 இல் விளக்கினார். ஊஞ்சலை அதன் போக்கிற்கு இசைவாகத் தள்ளினால் சிறு விசையே அதனை உயரே கொண்டுசெல்லும் அல்லவா? அதுபோல, சுழற்சியின் வேகமும் உலோகத்தின் இயல்பு அதிர்வெண்ணும் இசைந்துவிட்டால் அதிர்வு பெருகி உலோகம் களைத்து விரிசல் விடும். எந்த வேகங்களைத் தவிர்க்க வேண்டும் என்று காட்டும் வரைபடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒரே வரைபடத்தின்படி செய்த பிளேடுகளும் தடிப்பிலும் வளைவிலும் நுண்ணிய அளவில் வேறுபடுகின்றன. ஆகவே ஒவ்வொன்றுக்கும் சுருதி சற்றே மாறுகிறது. அதனால் அதிர்வின் ஆற்றல் எல்லாப் பிளேடுகளிலும் சமமாகப் பரவாமல், சிலவற்றில் குவிந்துவிடக்கூடும். 1966 இல் வைட்ஹெட் என்னும் ஆய்வாளர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். பிளேடுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். 25 பிளேடுகள் இருந்தால் விடை 3. அதாவது, மிக மோசமான நிலையில் ஒரு பிளேடு, எல்லாம் ஒத்திருந்தால் அதிரக்கூடிய அளவைப்போல் மும்மடங்கு அதிரக்கூடும்!

வடிவ வேறுபாடு செயல்திறனையும் தொடும். பிளேடின் முன்விளிம்பு சற்று மழுங்கினாலோ, கோணம் சிறிது பிசகினாலோ, காற்றோட்டம் சீர்குலைந்து எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

உற்பத்தியில் நேரும் சிறு பிசகு எவ்வளவு பெரிதாகலாம் என்பதைச் சிங்கப்பூர் நேரில் கண்டது. 2010 நவம்பர் 4 அன்று, 469 பேருடன் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. விமானிகளின் திறமையால் விமானம் சாங்கிக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது, எவருக்கும் காயமில்லை. ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட அறிக்கை காரணத்தைச் சொன்னது. இங்கே பிழை பிளேடில் இல்லை. ஒரு சிறிய எண்ணெய்க் குழாயில் இருந்தது. அதனுள் குடைந்த துளை மையம் விலகியதால் குழாய்ச் சுவரின் ஒரு பக்கம் மெலிந்துபோயிற்று. அங்கே விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பற்ற, டர்பைன் வட்டு தண்டிலிருந்து பிரிந்து, கட்டுமீறிச் சுழன்று சிதறியது.

2012 இல், சிலேத்தாரில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. விமான இயந்திரத்தின் முகப்பிலுள்ள பெரிய விசிறிக்கான பிளேடுகளைச் செய்யும் ஆலை அது. டைட்டானியத் தகடுகளை ஒட்டவைத்து, உயர் வெப்பத்தில் உள்ளே வாயுவைச் செலுத்தி, உள்ளீடற்ற பிளேடாக விரியச் செய்கின்றனர். இத்தகைய விசிறிகளைப் பூட்டும்போது, ஒவ்வொரு பிளேடின் எடைப் பரவலையும் அளந்து, ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு இடம் குறிப்பது வழக்கம்.

இன்னொரு வியப்பும் உண்டு. எல்லாப் பிளேடுகளும் முற்றிலும் ஒத்திருந்தால், காற்றோட்டமே அவற்றை ஒன்றாகப் படபடக்கச் செய்யும் அபாயம் கூடுகிறது. அதனைத் தடுக்க, வேண்டுமென்றே சுருதி சற்று மாறுபட்ட பிளேடுகளை மாற்றி மாற்றி அமைப்பதும் பொறியாளர்கள் அறிந்த உத்தி.

ஆக, எந்த வேறுபாட்டைத் தாங்கலாம், எதனைப் பயன்படுத்தலாம், எதனை உடனே நீக்க வேண்டும் என்பதை அளந்துதான் அறிய முடியும். அளக்காமல் விட்டதே ஆபத்தாகிறது. "தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் என்ன?" என்று பிள்ளைகள் அடுத்த முறை கேட்கும்போது, அந்தக் குழாயின் கதையைச் சொல்லுங்கள். நான் கிண்ணங்களையும் உடன் எடுத்துச் செல்கிறேன்.