சோதனை

இரத்தச் சோதனை, சோதனைச் சாவடி, சோதனை மேல் சோதனை. இத்தனைக்கும் ஒரே சொல். வடமொழி ‘சோதன’த்திலிருந்து வந்தது, வேர் ‘சுத்’, தூய்மையாதல். சுத்தம் இதன் உடன்பிறப்பு. அழுக்கை நீக்குவது, அதனால் துருவிப் பார்ப்பது என்று பொருள் நகர்ந்திருக்கிறது.

தமிழ் விவிலியத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். இயேசு ஊழியம் தொடங்குமுன் யூதேயப் பாலைவனத்தில் 40 நாள் உண்ணாதிருந்து பிசாசால் சோதிக்கப்பட்டார் என்கிறது மத்தேயு 4ஆம் அதிகாரம். அங்குள்ள கிரேக்க வினை ‘பெய்ராட்சோ’. ஆழம் பார்ப்பதும் அதுதான், ஆசை காட்டி விழத்தள்ளப் பார்ப்பதும் அதுதான். யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இந்த இரு பொருளும் சில வசன இடைவெளியில் வருகின்றன. வாசகர் குழம்புவது அங்கேதான். ‘கவர்ச்சி’, ‘தூண்டுதல்’ என்றெல்லாம் போட்டிருந்தால் பாதிப் பொருள் போயிருக்கும். ‘சோதனை’ இரண்டையும் தாங்குகிறது, கூடவே கிரேக்கத்தில் இல்லாத சுத்திகரிப்பின் வாடையும் ஒட்டிக்கொண்டது. தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல்.

மத்தேயு அந்தப் பாலைவனக் காட்சியில் பிசாசுக்கு வைக்கும் பெயரே சோதனைக்காரன். ஆனால் இயேசுவை அவனிடம் அழைத்துவந்தது யார்? அவரைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனவர் கடவுளின் ஆவியானவர். மாற்கு இன்னும் கடுமையாக, துரத்திவிட்டார் என்ற பொருள்படும் வினையையே போடுகிறார். இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை, இஸ்ரவேலர் 40 ஆண்டு பாலைவனத்தில் அலைந்ததை நினைவூட்டும் நூல் அது. அவற்றில் ஒன்று, கடவுளைச் சோதிக்கக் கூடாது என்பது. அங்கேயும் இதே வினைதான், கொஞ்சம் அழுத்தமான வடிவில்.