எட்டாம் நாள்

அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்... ‘நான் வயிற்றில் இருந்தபோது உனக்குக் கையில் ஊசி போட்டார்களே, அது எதுக்கு?’ அநேகமாக இப்படித்தான் பதில் வரும்: ‘டி.டி. ஊசிடா. நர்ஸம்மா போடச் சொன்னாங்க, போட்டுக்கிட்டேன். எதுக்குன்னு யார் கேட்டா?’

விஷயம் என்னவென்றால், அந்த ஊசியால் அம்மாவுக்கும் பலன் உண்டுதான். ஆனால், முக்கியமாக அது உங்களுக்காகப் போட்டது!

இதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்து வரை ஒரு நடை போய்விட்டு வரவேண்டும். அதன் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலுக்குள் தன்னந்தனியாக செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம். ஆட்கள் வசித்த தீவின் பெயர் ஹிர்ட்டா. மொத்த ஜனத்தொகையே நூறுக்கு முன்பின். செங்குத்தான பாறைகளில் கயிற்றைக் கட்டி இறங்கி, கடல் பறவைகளைப் பிடித்துத் தின்று வாழ்ந்த கெட்டிக்கார மனிதர்கள்.

அந்த மனிதர்களைக் கலங்கடித்தது ஒரு நோய். குழந்தை நன்றாகத்தான் பிறக்கும், நன்றாகத்தான் அழும், பால் குடிக்கும். நாலைந்து நாட்கள் போனதும் திடீரென்று வாயைத் திறக்க முடியாது. தாடை பூட்டிக்கொள்ளும். லேசாகத் தொட்டால், ஒரு சத்தம் கேட்டால்கூட உடம்பு வில்லாக வளைந்து விறைக்கும். எட்டாம் நாள் வாக்கில் எல்லாம் முடிந்துவிடும். நோய்க்குப் பெயரே ‘எட்டு நாள் சீக்கு’! 19-ம் நூற்றாண்டில் ஒரு காலகட்டத்தில், அந்தத் தீவில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் போனது. கடவுளின் சித்தம் என்று பலரும் நம்பினார்கள்.

அது ரண ஜன்னி. ஆணி குத்தினால் ஓடிப் போய் ஊசி போட்டுக்கொள்கிறோமே, அதே டெட்டனஸ்தான். மண்ணிலும் சாணத்திலும் காத்துக்கிடக்கும் கிருமி, அசுத்தமான கத்தியால் அறுத்த தொப்புள்கொடி வழியாக உள்ளே போய்விடும். பறவை எண்ணெயைத் தொப்புளில் தடவியதுதான் காரணம் என்று ஒரு கட்சி உண்டு, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. (நாம் மட்டும் என்னவாம்? சாம்பலும் சாணமும் தடவிய தேசம்தானே!) கடைசியில் ஆங்கஸ் ஃபிடஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவுக்குப் போய், கிருமி அண்டாமல் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1891-க்குப் பிறகு அந்தத் தீவில் எட்டு நாள் சீக்கு இல்லை.

சரி, சுத்தம் போதுமே, ஊசி எதற்கு? உலகத்தில் எல்லாக் குடிசைக்கும் ஒரு ஃபிடஸ் வந்து நிற்பாரா என்ன? அப்படியானால் பிறந்த உடனே குழந்தைக்கே தடுப்பூசி போட்டுவிட்டால்? ம்ஹூம்! ஊசி வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். எமன் ஒரே வாரத்தில் வந்துவிடுகிறான். குழந்தை பிறக்கும்போதே கவசத்தோடு வரவேண்டும்... கர்ணன் மாதிரி!

அது முடியும் என்பதற்கான துப்பு 1892-லேயே ஜெர்மனியில் கிடைத்துவிட்டது. பால் எர்லிக் என்ற விஞ்ஞானி எலிகளுக்கு விஷத்தைத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கினார். என்ன விஷம் தெரியுமா? நம் ஊர் குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின்! விஷம் பழகிய தாய்க்குப் பிறந்த குட்டிகள் கொஞ்ச காலத்துக்கு அந்த விஷத்தைத் தாங்கின. அப்பா எலி மட்டும் விஷம் பழகியிருந்தால்? குட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கவசம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது.

1920-களில் பிரான்ஸின் காஸ்டன் ரமோன், கிருமியின் விஷத்தை ஃபார்மலின் மூலம் சாதுவாக்கித் தடுப்பூசிக்கு வழி செய்தார். அது முதலில் பெரிய அளவில் யாருக்குப் போனது? தாய்மார்களுக்கா? இரண்டாம் உலகப் போரின் சிப்பாய்களுக்கு! சிப்பாய்க்கு வந்ததற்கும் கர்ப்பிணிக்கு வந்ததற்கும் நடுவே இருபது வருஷம் போல ஓடிவிட்டது. என்னால் இதை லேசாகக் கடந்து போக முடியவில்லை.

1961-ல்தான் நியூ கினியாவில் மாப்ரிக் என்ற பகுதியிலிருந்து செய்தி வந்தது. ஸ்கோஃபீல்டும் அவருடைய சகாக்களும் கர்ப்பிணிகளுக்கு மூன்று தடவை ஊசி போட்டுப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகளின் ரண ஜன்னி சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

அடுத்தது கொலம்பியா. கிராமத்துப் பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரண ஜன்னி ஊசி, இன்னொன்றுக்கு ஃப்ளூ காய்ச்சல் ஊசி. யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. முடிவு 1966-ல் வெளியானது. ஃப்ளூ ஊசி போட்டவர்கள் பக்கம் ஆயிரம் பிறப்புக்கு 78 குழந்தைகள் ரண ஜன்னியில் இறந்திருந்தன. ரண ஜன்னி ஊசி இரண்டோ மூன்றோ போட்டுக்கொண்டவர்கள் பக்கம்... ஒன்றுகூட இல்லை! நியூ கினியா முடிவு கையில் இருக்கும்போது இன்னொரு பிரிவை ஏன் அப்படி விட்டுவைத்தார்கள் என்று கேட்டால், விஞ்ஞானிகள் நிரூபணம் வேண்டும் என்பார்கள். அந்த 78 என்ற எண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிரூபணமாவது உலகத்தை உடனே உலுக்கியதா? அதுவும் இல்லை. 22 வருஷம் கழித்து, 1988-ல் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு: அந்த ஒரே ஆண்டில் ரண ஜன்னிக்கு பலியான பச்சிளம் குழந்தைகள் 7,87,000! இறந்தவை ஏழைக் குடிசைக் குழந்தைகள், பெயர்கூட வைக்கப்படாதவை. எந்தக் கணக்கிலும் ஏறாத சாவுக்கு யார் அவசரப்படுவார்கள்?

பிறகு ஊசி போனது, வதந்தியும் கூடவே போனது. 1990-ல் கேமரூனில், ‘இது மலடாக்குகிற ஊசி’ என்று பேச்சு கிளம்பி, பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள்! பின்னாளில் வதந்திக்கு நம் டெல்லியிலிருந்து ஒரு துணையும் கிடைத்தது. விஞ்ஞானி தல்வாரின் குழு, கர்ப்பம் தடுக்கும் தடுப்பூசி ஒன்றைப் பரிசோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டது. அதில் கர்ப்ப கால ஹார்மோன் ஒன்றைச் சுமந்து செல்லும் வாகனமாக, ரண ஜன்னி மருந்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது தனி, இது தனி. ஆனால் பயந்துபோன ஊருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்வது? பிலிப்பைன்ஸ், மெக்சிகோ என்று சுற்றிய அந்தக் கதை, 2014-ல் கென்யாவில் மறுபடி தலைதூக்கியது.

இந்தியாவில்? 1985-ல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளின் ஊசியும் இருந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் பெருகின. கிராமத்து நர்ஸம்மாக்கள் வீடு வீடாக நடந்தார்கள். எல்லா மாவட்டங்களிலும் இந்த நோய் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது என்று 2015-ல் அறிவித்தார்கள். ஜாக்கிரதை, பெரியம்மை மாதிரி இது ஒழிந்துபோகவில்லை. கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது.

அதனால் ஊசியும் தொடர்கிறது. இப்போது அதில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தையும் சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் பெயர் மாறியிருக்கிறது. தமிழில் எழுதினால் அதுவும் டி.டி.தான்!