வாந்திபேதியும் ஊர்க்கிணறும்

தோழர்களே, பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் கலெக்டர் கச்சேரி கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. வெள்ளையர் காலத்துச் சாவுக் கணக்குகளில் 'காலரா' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். செத்தவர்கள் அந்தத் தண்ணீரை ஏன் குடித்தார்கள் என்பதைக் கணக்கு சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை அடையாளம் காட்டினார். மக்கள் குடிக்கவும் துவைக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அது இருந்தது. அது எப்படிக் கொல்கிறது என்பதை 1959-இல் கல்கத்தா விஞ்ஞானி சம்பு நாத் டே விளக்கினார். கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு உடம்பின் நீரையும் உப்பையும் குடலுக்குள் இறைத்து வெளியேற்றுகிறது. சில மணி நேரத்தில் ஆள் வற்றிப்போவார்.

உடம்புக்கும் காவல் உண்டு. வயிற்று அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். குடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் புதிதாய் வருபவற்றுக்கு இடம் கொடுக்காது. பட்டினி இந்தக் காவலைத் தளர்த்துகிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பசியும் காலராவும் சேர்ந்தே மக்களை அள்ளிச் சென்றன.

கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் அது யாருடைய வயிற்றுக்குப் போகும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஊர்க்கிணற்றில் நமக்கு இடமில்லை. மாடு குளிக்கும் குட்டையும் வாய்க்காலும்தான் மிச்சம். பிறகு பேதி கண்டால், "அவர்கள் சுத்தமில்லாதவர்கள்" என்றார்கள். நந்தனாரைத் தீயில் மூழ்கவைத்துத் 'தூய்மை'யாக்கிய கதை நம் சிதம்பரத்துக் கதைதானே! தீட்டு மனிதரை அசுத்தம் என்றது. தண்ணீரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மகாத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்து நீரைக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்ய 108 பானைகளில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றினார்கள். குடிக்கும் நீரில் சாணம்! எது அசுத்தம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தக் குளத்தின் மீதான உரிமையை உயர்நீதிமன்றம் உறுதி செய்ய 1937 வரை ஆனது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது.

ஆகவே, தோழர்களே, உங்கள் சேரித் தொட்டித் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவை எழுத்தில் வாங்குங்கள். நம் நீராதாரத்தை அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தோடு ஆய்வக அறிக்கையும் கையில் இருக்கட்டும்.